விருந்தும் பொறையும்

ஜார்ஜ் டவுன் நகரின் கடற்கரைப் பக்கம் தொடங்கி மேற்கே பினாங்கு சாலையைத் தொடும் சூலியா தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களின், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம் வணிகர்களின், பெயரால் வழங்கி வருகிறது. அவ்வணிகர்களை மலாய்க்காரர்களும் ஐரோப்பியர்களும் சூலியாக்கள் என்றே குறித்தனர். இத்தெருவிலும் இதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் தெருக்களிலும் கடை வைத்தோர், கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பியோர், மூட்டை சுமந்தோர் என எவருடைய குடும்ப வரலாற்றைப் பின்தொடர்ந்து போனாலும் அது சில தலைமுறைகளுக்குள் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் போய் நிற்கும். இத்தகைய ஊரில் புதிதாக வந்து சேர்வோர்பால் மற்ற ஊர்களில் காணாத பரிவு நிலவும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை என்பது ஆராயத்தக்கது. ஏனெனில் அகதிகளையும் குடியேறிகளையும் ஏற்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் 'நாமும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தானே' என்ற நினைவூட்டலோடு தொடங்கி அந்த நினைவூட்டலோடேயே முடிந்துவிடுகிறது.

1786ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது அவருக்கு முதல் தேவையாக இருந்தது ஆட்கள். காட்டை வெட்டித் திருத்துவோருக்கு அவர்கள் திருத்திய நிலத்தையே கொடுப்பதாக அறிவித்து, துறைமுகத்தில் சுங்கம் வாங்காமல் விட்டு, வருவோர் எவராயினும் வரட்டும் என்று அவர் இருந்ததற்குக் காரணம் மனிதநேயம் அன்று, காலி நிலத்தால் கம்பெனிக்கு வருவாய் இல்லை என்பதே. ஆயினும் அந்தக் கணக்கின் நிழலில் ஏதிலிகளும் வந்து ஒதுங்கினர். லைட்டின் காலத்தில் முதன்முதலாகக் குடியேறியோருள் கெடாவிலிருந்து வந்த ஐரோப்பியக் கலப்பினக் கத்தோலிக்கர்கள் இருந்தனர். அவர்கள் அதற்குமுன் சயாமின் பூகெட் தீவில் சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பத்தினர். அவர்களுடைய தேவாலயமும் அதே 1786ஆம் ஆண்டில்தான் தோன்றியது. நகரம் உருவான ஆண்டும் அகதிகள் அங்கே வழிபாட்டிடம் கண்ட ஆண்டும் ஒன்றாக அமைந்த ஊர்கள் உலகில் பல இருக்க முடியாது.

சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வணிகமோ கூலி வேலையோ செய்து சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு திரும்பிவிட, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்று 1794இல் லைட் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். இத்தனை பேர் ஆண்டுதோறும் வந்தும் ஊர் குலையாமல் இருந்ததற்கு அரசாங்கத்தின் பங்கு குறைவு. சாதியோ சமயமோ மொழியோ ஒன்றான ஒவ்வொரு கூட்டத்துக்கும் கப்பித்தான் என்ற தலைவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். தம் மக்களிடையே எழும் வழக்குகளைத் தீர்ப்பதும் அவர்களுக்காக அதிகாரிகளிடம் பேசுவதும் அவருடைய பொறுப்பு. தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தானாக இருந்த காதர் மொஹிதீன் முன்னின்று, 1801இல் கம்பெனி அளித்த நிலத்தில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்றே அழைக்கப்படுகிறது. கிங் தெரு முனையில், நாகூர் ஆண்டகை சாகுல் ஹமீதின் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய தர்காவின் புறச்சுவரையொட்டி வரிசையாகச் சிறு கடைகள் இருக்கின்றன. பிழைக்க வந்தவனுக்குத் தொழுகையும் கல்லாப்பெட்டியும் ஒரே கூரையின் கீழ் அமைந்த கட்டடம் அது. அருகே குயின் தெருவில் 1833இல் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. செட்டியார்களுக்குக் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது வட்டிக்கடைக்காரர்கள் பலர் சேர்ந்து தங்கும் நீண்ட கூடம்; ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சாய்மேசை, இரவில் விரிக்க ஒரு பாய், பொதுவில் ஒரு சமையற்காரர் என்ற அளவில், ஊரிலிருந்து வந்த பையன் மறுநாளே கணக்கெழுத உட்கார்ந்துவிடலாம்.

இவற்றையெல்லாம் விருந்தோம்பல் என்று சொல்வது பொருந்தாது. புதிதாக வந்தவனுக்குத் தேவைப்பட்டவை படுக்க இடம், அவனை இன்னார் என்று சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவர், கையில் வேலை, அவசரத்துக்குக் கடன், செத்தால் புதைக்கவோ எரிக்கவோ நாலு பேர் ஆகியவையே. தெரு இந்த ஐந்தையும் கொடுத்தது, அன்புக்காக அல்லாமல் ஒழுங்குக்காக. அன்பு பின்னால் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதைப் பற்றி ஆவணங்கள் பேசுவதில்லை.

பழம்பெருமை பேசுவோர் விட்டுவிடும் பக்கமும் இதற்கு உண்டு. இதே துறைமுகத்துக்குத் தம் விருப்பப்படி வராதோரும் வந்தனர். மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி இத்தீவுக்கே நாடு கடத்தினார்கள். சாலை போடவும் சதுப்பை நிரப்பவும் இந்தியக் கைதிகள் பல்லாண்டு காலம் பயன்பட்டனர். எதிர்க்கரையான வெல்லஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்து சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணிகள் ஊரூராகப் போய் ஆள்சேர்த்தார்கள். சூலியா தெருவில் கடை வைத்தவருக்கும் தோட்டத்துக் கூலிக்கும் ஒரே கடல்தான், வந்திறங்கிய அனுபவம் வேறு. 'நாம் எல்லோரும் வந்தவர்கள்' என்ற வாக்கியம் இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிடுவதால் அதைச் சற்று ஐயத்தோடு கேட்பதே நல்லது.

அரசியல் அடைக்கலத்துக்கும் பினாங்கில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1821இல் சயாமின் படைகள் கெடாவைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மலாய் மக்கள் எல்லையைத் தாண்டி வெல்லஸ்லி மாகாணத்துக்குள்ளும் தீவுக்குள்ளும் வந்தார்கள். சுல்தான் அகமது தாஜுதீனும் அவர்களுள் ஒருவராகப் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். அவரை ஒப்படைக்குமாறு சயாம் கேட்க, ஆளுநர் பிலிப்ஸ் மறுத்தார். வந்த மக்களால் மாகாணம் கெட்டுப்போகவில்லை, காடாகக் கிடந்த நிலம் வயலாயிற்று. ஆனால் 1826இல் சயாமோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கம்பெனி, வணிக நன்மைக்காக, சுல்தானைப் பினாங்கில் வைத்திருப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. முடியிழந்த மன்னரைக் காப்பதா வேண்டாமா என்பது ஐந்தே ஆண்டுகளில் மாறிப்போனதற்கு அவருடைய குணமோ குற்றமோ காரணமாக இல்லை. 1910இல் ஆர்மேனியன் தெருவைத் தளமாகக் கொண்டு சீனப் புரட்சிக்குத் திட்டமிட்ட சன் யாட் சென்னும் அதே ஆண்டின் இறுதிக்குள் வெளியேற்றப்பட்டார். இன்று அவர் தளமாகக் கொண்ட வீடு காட்சியகமாகச் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறது. நாடு கடத்தப்பட்டவர்களைக் காலம் கழித்துக் கொண்டாடுவதில் எந்த அரசுக்கும் சிரமம் இருப்பதில்லை.

தமிழில் இப்பொருள் பேசப்படும்போது மேடைதோறும் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு முதலடி முழங்கும். உலகத்தையே ஊராகக் கொள்ளும் அந்தக் குரல் புறப்பட்டுப் போகிறவனுக்குத் துணிவு தரக்கூடியது. ஆனால் வாசலில் வந்து நிற்பவனை ஊரார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை தேடுவது வீண். விடை திருக்குறளில் இரண்டு இடங்களில், இரண்டு விதமாக இருக்கிறது. விருந்தோம்பல் என்னும் ஒன்பதாம் அதிகாரம் இல்லறவியலில் வருவது. அது வீட்டுக்காரரின் அறம், முகம் மலர்வதையும் உணவைப் பகிர்வதையும் பற்றியது, விருந்தினர் திரும்பிப் போவார் என்பது அதன் உள்ளிருக்கும் எதிர்பார்ப்பு. பொருட்பாலில் நாடு என்ற அதிகாரத்தில் வரும் 733ஆம் குறள் வேறொன்றைச் சொல்கிறது: பொறை, அதாவது பாரமெல்லாம், ஒருசேரத் தன்மேல் வந்து விழும்போது அதைத் தாங்குவதும், அதே வேளையில் அரசனுக்கு உரிய இறையை, அதாவது வரியை, முழுதும் கொடுப்பதுமே நாட்டின் இலக்கணம். அந்தப் பாரம் எது என்பதைப் பரிமேலழகர் உரையில் தெளிவாக்குகிறார். வேற்று நாடுகளின் மக்கள்தொகுதி, தம் தேயத்தில் பகைவர் வந்து தங்கியதாலோ, அரசு கொடுங்கோலாய் மாறியதாலோ, உணவு இல்லாமற் போனதாலோ பெயர்ந்து வந்தால், அவர்கள் தம் சொந்த நாட்டில் இருந்ததுபோலவே இனிது வாழும்படி செய்வது என்பது அவர் தரும் விளக்கம்.

இடைக்கால உரையாசிரியர் ஒருவர் கூறும் இம்மூன்று காரணங்களை, இன்று உலகம் கைக்கொள்ளும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் நாட்டை விட்டு வந்தவரையே அவ்வுடன்படிக்கை அகதி என்கிறது. பசியால் வந்தவருக்கு அதில் இடமில்லை, பரிமேலழகரிடம் உண்டு. அதைவிடக் கருதத்தக்கது, குறள் தாங்குதலையும் வரி கொடுத்தலையும் ஒரே தொடரில் பிணைத்திருப்பது. சுமையை ஏற்றுக்கொண்டும் கருவூலம் வற்றாமல் இருக்க வேண்டுமானால், வந்தவர்கள் உழுது, விற்று, சம்பாதித்து, வரிகொடுக்கும் நிலைக்கு வர வேண்டும். அவர்களுக்குச் சோறு போட்டு உட்கார வைப்பதால் அது நடவாது. விருந்து வீட்டின் பண்பு, பொறை நாட்டின் வலிமை. இன்றைய விவாதங்களின் குழப்பத்தில் பாதி, நாட்டைக் கேட்க வேண்டிய கேள்வியை மனிதர்களின் நல்ல மனத்திடம் கேட்பதால் விளைவது.

வந்தவர்கள் ஊருக்கு யார் என்பதைப் பினாங்கு ஒருமுறை நேருக்கு நேர் கண்டது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைக் குண்டுவீசித் தாக்கிய சில நாட்களில், பிரிட்டிஷ் நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு வெளியேறியது. காவலும் குடிநீரும் கிடங்குச் சாவிகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. அப்போது நகரத்தைத் தாங்கியவர் கொழும்பில் பிறந்த தமிழரும் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியருமான மாணிக்கசோதி சரவணமுத்து. பல இனத்தவரும் அடங்கிய பினாங்குச் சேவைக் குழுவுக்குத் தலைமையேற்று, கொள்ளையை அடக்கி, கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை அவரே இறக்கினார். கொடி பறக்கும்வரை குண்டு விழும் என்ற அச்சம் அப்படிச் செய்ய வைத்தது. நூற்றைம்பது ஆண்டுகள் உரிமையாளராக இருந்தவர்கள் போய்விட, பிழைக்க வந்தவர்கள் என்று கருதப்பட்டோர் தங்கிவிட்டார்கள். ஒருவர் ஒரு மண்ணுக்கு உரியவரா என்பதை எந்த அடையாள அட்டையை விடவும் தெளிவாக அந்த வாரம் காட்டியிருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு அட்டையே தீர்மானித்தது. 1957 ஆகஸ்ட் 31க்குப் பின் மலாயாவில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள் என்ற விதி ஐந்தாண்டு நீடித்து, 1962இல் பெற்றோரின் நிலையைச் சார்ந்ததாக மாற்றப்பட்டது. குடியுரிமை பெற்றவருக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிக்குச் சிவப்பு. இந்த நிறங்கள் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் சாதிப்பெயர்போல ஒலித்த காலம் உண்டு. பெண் பார்க்கும்போதும் வேலை கேட்கும்போதும் "நீல ஐசியா, சிவப்பு ஐசியா" என்ற கேள்வி முதலில் வரும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வர, தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பல்லாயிரவர் மூட்டை முடிச்சோடு ராஜுலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்பதுகூடச் சரியில்லை. பலர் அந்த ஊர்களை முதன்முறையாகப் பார்த்தார்கள். பிறப்புச் சான்றிதழ் எடுக்கத் தெரியாத தோட்டப்புறப் பெற்றோரின் பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் தங்கிவிட, அவர்களைப் பதிவு செய்ய அரசு 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது.

இவற்றோடு, குடியுரிமை உள்ளவர்களையும் விடாமல் துரத்தும் 'பெண்டாத்தாங்' என்ற ஏச்சு இருக்கிறது. தமிழில் வந்தேறி என்பதற்கு நேரான இச்சொல்லும் இதன் உறவுச் சொற்களும் தேர்தல் தோறும் எங்கோ ஒரு மேடையில் வெளிப்படும். 2008இல் பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் பரப்புரையில் சீனர்களை வெறும் தங்கிகள் என்ற பொருளில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் பேசி நாடே கொதித்தது. இந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் புதிதாக வந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில்தான் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இருக்கிறது. தன் இருப்பே ஐயத்துக்கு உள்ளாகும்போது, 'நான் அவனைப் போன்றவன் அல்லன்' என்று காட்டிக்கொள்வது மனிதருக்குக் கைவந்த தற்காப்பு. எங்கள் தாத்தா முறையாக வந்தார், உழைத்தார், வரி கட்டினார், இவர்கள் அப்படியா என்று கேட்பவர் பெரும்பாலும் கொடியவர் அல்லர். தம் தாத்தாவின் கணக்கு இன்னும் தீரவில்லை என்று உள்ளூர அறிந்தவர். தாத்தாவின் காலத்தில் முறை என்று ஒன்று இருந்ததா என்பது வேறு செய்தி. கப்பல் கட்டணமும் கங்காணியின் கைச்சீட்டும் இருந்தால் போதுமாக இருந்தது. பழைய துன்பத்தின் நினைவு தானாகவே பரிவாகக் கனிவதில்லை, அந்தத் துன்பம் முடிந்துவிட்டது என்ற உறுதி இருந்தால்தான் கனிகிறது.

இப்போது வந்துகொண்டிருப்பவர்களுள் பெரும்பான்மையினர் மியன்மாரிலிருந்து தப்பியோர். மலேசியா 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவில்லை. 1959/63ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் அகதிக்கும் ஆவணமின்றி நுழைந்தவருக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் நாட்டில் இயங்குகிறது, அது தரும் 'யுஎன் கார்டு' கையில் இருந்தால் ஓரளவு கைதுக்குத் தப்பலாம், அவ்வளவே. அண்மை ஆண்டுகளில் இவ்வாறு பதிவானோர் 1,80,000 பேருக்கு மேல், அவர்களில் ரோஹிஞ்சாக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அவர்கள் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. ஆனால் கட்டுமானத் தளங்களிலும் சந்தைகளிலும் உணவகங்களின் பின்கட்டுகளிலும் அவர்கள் வேலை செய்யாத நாளில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு உழைப்பவரை இல்லாதவராகக் கருதும் இந்த ஏற்பாட்டை, கம்பெனியின் காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டால், லைட்டின் கணக்கு இதைவிட நேர்மையானது என்று சொல்லத் தோன்றும்.

2015 மே மாதம் அந்தமான் கடலில் கடத்தல்காரர்கள் கைவிட்ட படகுகள் மிதந்தபோது, பினாங்குக் கடற்பரப்பில் பல நூறு பேரோடு காணப்பட்ட ஒரு படகுக்கு உணவும் பிற பொருள்களும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தபின், அம்மாதம் 20ஆம் தேதி மலேசியாவும் இந்தோனேசியாவும் தற்காலிகத் தங்குமிடம் தர இணங்கின. உணவு கொடுத்துத் திருப்பி அனுப்பிய அந்தச் செயலில் மேலே சொன்ன இரண்டு அறங்களும் பிரிந்து கிடப்பதைக் காணலாம்: விருந்து அளிக்கப்பட்டது, பொறை மறுக்கப்பட்டது. 2020இல் நோய்த்தொற்றின் அச்சத்தில் படகுகள் மீண்டும் தடுக்கப்பட்டன, ரோஹிஞ்சாக்களுக்கு எதிரான வெறுப்பு சமூக ஊடகங்களில் பெருகியது. 2022 ஏப்ரலில் பினாங்கு எல்லையருகே சுங்கை பாக்காப்பில் இருந்த தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 பேர் தப்பியோடியபோது, நெடுஞ்சாலையைக் கடக்க முயன்ற ஆறு பேர், குழந்தைகள் உட்பட, வாகனங்களில் அடிபட்டு இறந்தனர்.

தமிழருக்கு இது அயலார் கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2010 ஏப்ரலில் இலங்கைத் தமிழர் 75 பேர் இருந்த படகொன்று பினாங்கு அருகே பிடிபட்டது. அவர்கள் இறங்க மறுத்துப் படகிலேயே அமர்ந்திருந்து, ஐ.நா. ஆணையத்தைச் சந்திக்கலாம் என்ற உறுதி கிடைத்தபின் கரைக்கு வந்து, அங்கிருந்து தடுப்பு முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். நாகூரிலிருந்து வந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறங்கிய அதே கடற்கரைக்கு எதிரே, அதே மொழி பேசுவோர் தரையில் கால் வைக்க அஞ்சினார்கள். மியன்மாரின் கதையிலும் தமிழருக்குப் பங்குண்டு: 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா வந்தவர்களும், நே வின் ஆட்சி 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபின் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களும், இன்று ரோஹிஞ்சாக்கள் கேட்கும் 'அந்நியன்' என்ற அதே வசையை அதே மண்ணில் கேட்டவர்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்களுக்கு அரசு ஒதுக்கிய நடைபாதையில் வளர்ந்ததுதான். கடை போட இடமும் உரிமமும் கிடைத்த பிறகு எவரும் அவர்களைச் சுமை என்று சொல்லவில்லை.

சூலியா தெருவின் உணவைப் பற்றிப் பேசாமல் அத்தெருவைப் பற்றிய எழுத்து நிறைவு பெறாது. இப்பொருளுக்கும் அது நெருங்கியது. 2016 ஜனவரி முதல் பினாங்கு மாநில அரசு, தெருவோர உணவுக் கடைகளில் 13 வகை உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று தடை விதித்தது. மரபுச் சுவை கெட்டுவிடும் என்பது காரணம். பட்டியலில் சீன மீ வகைகளோடு பசெம்போரும் இருந்தது. இறால் வடை, தாவு என்ற சோயாக்கட்டி, வெள்ளரி, செங்குவாங் கிழங்கு ஆகியவற்றை நறுக்கிப் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் காரக் குழம்பைச் சூடாக ஊற்றித் தரும் இவ்வுணவு, தமிழ் முஸ்லிம் மாமாக்கள் தள்ளுவண்டியில் விற்று ஊருக்குப் பழக்கியது. வந்தவன் உருவாக்கிய பண்டத்தை வந்தவன் தொடக் கூடாது என்பதில் இருக்கும் முரணைக் கண்டு சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தடையை ஆதரித்தவர்களின் அச்சத்தில் உண்மையும் இருந்தது: முதலாளி மலிவான கூலிக்கு ஆள் வைத்துவிட்டு அடுப்படியை மறந்துவிடுகிறார், கைப்பக்குவம் தலைமுறை மாறிப் போய்ச் சேருவதில்லை. காவடித்தண்டில் சோற்றுக் குண்டானும் குழம்புச் சட்டியும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளிடம் விற்ற நாசி கண்டார் வியாபாரிகளின் காலத்தில், ஊரிலிருந்து வந்த பையன் முதலில் எச்சில் தட்டு எடுத்து, பிறகு வெங்காயம் உரித்து, பல ஆண்டு கழித்தே குழம்புக் கரண்டியைப் பிடித்தான். அவன் என்றைக்காவது கடைக்காரனாகலாம் என்ற நம்பிக்கை அந்தப் பயிற்சிக்குள் இருந்தது. இரண்டாண்டு பெர்மிட்டில் வந்து கடவுச்சீட்டை ஏஜெண்ட்டிடம் கொடுத்துவிட்டு நிற்கும் இன்றைய தொழிலாளிக்குக் கைப்பக்குவம் கற்பதால் என்ன பயன்? சுவை கெடுவது சமைப்பவர் வெளிநாட்டவர் என்பதால் அன்று, அவரை என்றும் வெளிநாட்டவராகவே வைத்திருப்பதால்.

அகதிகளை ஏற்க மறுப்பவர்களின் வாதங்களில் வலுவானது கூலி பற்றியது. சட்டப் பாதுகாப்பு இல்லாத ஒருவர் பாதிக் கூலிக்கு ஒத்துக்கொள்ளும்போது அடிபடுபவர் உள்ளூர் ஏழையே, அவர் தமிழராகவும் இருப்பார். அகதிகளுக்காகப் பேசும் நடுத்தர வர்க்கத்தினர் இதை எளிதாகத் தள்ளிவிடுவது நேர்மையன்று. ஆனால் இந்த வாதம் வேலை உரிமைக்கு எதிரானதாக அல்லாமல் அதற்கு ஆதரவாகவே போய்ச் சேருகிறது. திருட்டுத்தனமாக வேலை செய்பவரிடம்தான் பாதிக் கூலி பேச முடியும். 2017இல் 300 ரோஹிஞ்சாக்களுக்குத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தரும் சோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டு, விரியாமலே நின்றது. 2018இல் ஆட்சிக்கு வந்த கூட்டணியின் தேர்தல் அறிக்கை உடன்படிக்கையில் கையொப்பமிடுவதாகவும் வேலை உரிமை தருவதாகவும் சொல்லியது, செய்யவில்லை.

தமிழ்நாடு இதில் பெருமை கொள்ள இடம் கொஞ்சம்தான். 1983 முதல் வந்த இலங்கைத் தமிழருக்குப் பள்ளியும் ரேஷனும் உதவித்தொகையும் கிடைத்தன. பெயிண்ட் அடிக்கவும் கூலி வேலைக்குப் போகவும் எவரும் தடுக்கவில்லை. ஆயினும் 1991க்குப் பின் கெடுபிடிகள் இறுகின, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000 பேர் அளவில் இன்றும் வாழ்கிறார்கள், 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. முகாமில் பிறந்து நாற்பதை நெருங்குவோருக்குப் பெயர்ப்பலகையை விடப் பெரிய மாற்றம் தேவைப்படுகிறது. விருந்தைத் தளராமல் நடத்தி, பொறையின் பாதியில் நின்றுவிட்ட நாடு அது.

கப்பித்தான்கள் காலத்து ஏற்பாட்டில் இன்றைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது, வந்தவருக்காக ஊரில் ஒரு கூட்டம் பொறுப்பேற்பது. கனடா இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: குடிமக்கள் சிலர் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவுக்குப் பிணை நின்றால் அவர்களை அழைத்துக்கொள்ளலாம். 1979, 1980 ஆண்டுகளில் இவ்வாறும் அரசு வழியாகவும் 60,000 இந்தோசீன அகதிகள் அங்கே குடியேறினர். அவர்களுள் பலர் மலேசியாவின் திரெங்கானுக் கரைக்கு அப்பாலுள்ள பூலாவ் பீடோங் தீவு முகாமில் காத்திருந்தவர்கள். வக்ஃபு நிலங்களும் கோயில் அறநிலையங்களும் சீனக் கொங்சிகளும் அருகருகே உள்ள ஜார்ஜ் டவுனில் பிணை நிற்கத் தகுதியான அமைப்புகளுக்குப் பஞ்சம் இல்லை. சட்டமும் புதிதாக வேண்டியதில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, எந்தப் பிரிவினருக்கும் விதிவிலக்கு அளிக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. அதன் கீழ் வழங்கப்படும் ஐஎம்எம்13 என்ற அனுமதிச் சீட்டு 1970களில் சபாவுக்கு ஓடிவந்த பிலிப்பினோக்களுக்கும், ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் ஆச்சே மக்களுக்கும் கிடைத்து, வேலை செய்ய வழிவிட்டது. 2006 ஆகஸ்டில் ரோஹிஞ்சாக்களுக்கும் அதே சீட்டுக்கான பதிவு தொடங்கியது. முறைகேட்டுப் புகார்கள் எழ, சில வாரங்களிலேயே அது நிறுத்தப்பட்டது. புகாருக்கு உள்ளான இடைத்தரகர்களைக் களைந்துவிட்டுப் பதிவைத் தொடர்ந்திருக்கலாம், தொடரவில்லை.